படப்பை டு கிண்டி: ஒரு புரோட்டீன் ரூட்!

படப்பை பஸ் ஸ்டாப். வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் ஒரு பக்கம் ஒரகடம் போகிற கம்பெனி பஸ்கள். இன்னொரு பக்கம் தாம்பரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் காலேஜ் கூட்டம். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு கர்ச்சீப் பறந்து வந்து சீட்டில் விழும். அவ்வளவுதான், சீட் ரிசர்வ்டு! இந்த டெக்னிக்கை ஞாபகம் வெச்சுக்குங்க பாஸ். புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

தாம்பரத்தில் இறங்கி எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சா, கிண்டி வருவதற்குள் பாடத்தை முடிச்சிடலாம். நம் ஒவ்வொரு செல்லிலும் சுமார் 2 மீட்டர் நீளத்துக்கு டி.என்.ஏ. இருக்கிறது. அது ஹிஸ்டோன் என்ற புரோட்டீன் உருண்டைகளில் சுற்றி மடங்கிக் கிடக்கிறது. அந்தச் சுருட்டலுக்குப் பேர்தான் குரோமாட்டின்.

சீனியர் தந்த ஜெராக்ஸ் நோட்ஸில் 'இம்பார்ட்டன்ட்' என்று டிக் இருக்குமே, அதுபோல ஹிஸ்டோனின் வாலில் அசிட்டைல் என்ற குட்டி அடையாளம் ஒட்டியிருக்கும். அதைத் தேடிப் படிக்கிற புரோட்டீன்களில் ஒன்று பி.ஆர்.டி.4. அதன் புரோமோடொமைன் பகுதியில் ஒரு குழி உண்டு. டிக் அந்தக் குழியில் உட்கார்ந்தால், பக்கத்து ஜீனை இயக்கும் வேலை வேகமெடுக்கும். சில புற்றுநோய் செல்கள் இந்த வாசிப்பை நம்பித்தான் பெருகுகின்றன.

புரோமோடொமைனின் வடிவம் முதன்முதலில் தெரிந்தது 1999-ல். 2010-ல் ஜே.க்யூ.1 என்ற மூலக்கூறு பி.ஆர்.டி.4-ன் குழியில் போய் உட்கார்ந்தது. கர்ச்சீப் விழுந்தாச்சு, டிக்குக்கு இடமில்லை! எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. ஆனால் ஜே.க்யூ.1 உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் மருந்தாகவில்லை. அதன் வாரிசுகள் மனிதர்களிடம் பரிசோதிக்கப்பட்டபோது ரத்தத் தட்டணுக்கள் குறைவது தலைவலியானது. நல்ல செல்களும் அதே டிக்கைத்தானே படிக்கின்றன!

சரி, கிண்டி வந்தாச்சு. ஒரு புரோட்டீனின் வடிவத்தைக் கண்டுபிடித்தால் அது சரியா என்று எப்படித் தெரியும்? விடை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருக்கிறது. ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். புரோட்டீன் சங்கிலி தன் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இடங்களில் திரும்பலாம். கண்டபடி திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும். இடிக்காத கோணங்கள் எவை? அந்த வரைபடம்தான் 'ராமச்சந்திரன் பிளாட்'. உலகில் எந்த லேப் புரோட்டீன் வடிவம் போட்டாலும் இன்றைக்கும் இந்த டெஸ்ட்டை எழுதியாகணும், பி.ஆர்.டி.4-க்கும் விலக்கு இல்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரோட்டீனின் வடிவத்தை வெளியிட்டதும் அதே 1954-ல்தான். வாசலில் ஃபைலும் கையுமாகக் காத்திருப்பவர்களைப் பாருங்கள். குழியின் வடிவம் தெரிவதற்கும் இவர்கள் கைக்கு மாத்திரை வருவதற்கும் நடுவில் எத்தனை வருட வேலை பாக்கி என்று புரியும்.

அந்த வேலைக்கு ஆள் தேவை பாஸ். புரோட்டீன் டேட்டா பேங்க் இணையதளம் முழுக்க இலவசம். 3எம்எக்ஸ்எஃப் என்று அடித்தால், ஜே.க்யூ.1 உட்கார்ந்திருக்கும் அதே குழி திரையில் சுழலும். மனிதர்களில் புரோமோடொமைன் உள்ள புரோட்டீன்கள் மட்டும் 46. ரிட்டர்ன் ட்ரெயினில் செல்போனிலேயே ஒண்ணொண்ணா பாருங்க!