பல்சேட்டருக்கு அடியில்

ஹட்டனில் வாஷிங் மெஷின் திருத்துபவரையும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்; மேசனுக்கும் தச்சருக்கும் உள்ள அதே பட்டம். நான் கூடப் போன பாஸ் கொழும்புக் கடையொன்றில் வேலை பழகி ஊர் திரும்பியவர். 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி சுருங்கி, புது மெஷின் கனவாகிப் போனபோதுதான் பழையதைக் கழுவிக் கொடுக்கும் வேலை பெருகியது என்றார். அன்றைக்கு டிக்கோயாப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான ஒரு லயம். மெஷின் நாறுகிறதாம்.

இஸ்தோப்பின் மூலையில் படங்கு போர்த்தி நின்றது இரட்டைத் தொட்டி மெஷின். லயங்களில் அதிகம் இந்த ரகம்தான். ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் தண்ணீர் ஒழுங்காக இறங்க, டேங்க் ஏறக்குறைய 3 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். இரட்டைத் தொட்டிக்கு வாளியில் மொண்டு ஊற்றினாலே போதும்.

பாஸ் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் குனிந்து முகர்ந்தார். அடியில் துணியைச் சுழற்றும் தட்டான பல்சேட்டரின் நடு ஸ்க்ரூ துருவேறி இறுகியிருந்தது. அதைக் கழற்றினாலும் தட்டு லேசில் வராது. நெம்பினால் விளிம்பு உடையும். நைலான் கயிற்றை விளிம்புக்கடியில் இரண்டு பக்கமும் நுழைத்து, நேராக மேலே இழுத்தார். அடியில் விரல் கனத்துக்குக் கறுத்த வழுவழுப்பு. அதற்குள் நூல்பிசிறு, மலைச் சேறு, கொழுந்துக் காம்பு, ஐந்து ரூபாக் குற்றி ஒன்று, ஏழெட்டு ஊக்கு. வீட்டு அக்கா காசை விட்டுவிட்டு ஊக்குகளைப் பொறுக்கினார்.

மெஷினோடு வரும் குறிப்பேடுகள் சுண்ணாம்புப் படிவுக்குத்தான் பயப்படச் சொல்லும். அதைக் கரைக்கிற பொடியும் கடையில் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறுகளுக்கு அது சரி. மலையகத்தின் ஊற்றும் ஓடையும் பெரும்பாலும் மென்னீர். இங்கே அந்தப் பொடி வீண் செலவு என்பது பாஸின் கட்சி, கறுத்த சளியைப் பார்த்தபின் என் கட்சியும். இங்குள்ள வியாதி குளிரும் ஈரமும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகையளவுதான். பச்சைத்தண்ணீரில் பவுடர் முழுதாகக் கரைவதில்லை. கரையாதது அடியில் தங்கிப் பூஞ்சைக்குத் தீனியாகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் உடுப்பும் காயாது, மூடி வைத்த தொட்டியும் காயாது. போதாததற்கு, மென்னீரில் நுரை அள்ளும். பாதிப் பவுடரே போதும்.

“நொர வராட்டி அழுக்குப் போகுமா தம்பி?”

“நொர வேற, சுத்தம் வேற அக்கா. பாதி போடுங்க. சுடுதண்ணில கரைச்சு ஊத்துங்க. முடிஞ்சதும் மூடியத் தெறந்து வைங்க.”

அக்கா சம்மதித்ததாகத் தெரியவில்லை. பீலியில் கல்லில் அடித்துத் துவைத்துப் பழகியவர். நுரையைக் கண்ணால் கண்டால்தானே கைக்கு நிம்மதி.

பழைய டூத் பிரஷ்ஷாலும் சலவைச் சோடாவாலும் தேய்த்து முடித்து, சூடான தண்ணீரில் ப்ளீச் கலந்து ஊறவிட்டார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் வளையும். ப்ளீச்சோடு வினாகிரியைச் சேர்க்கவே கூடாது. கிளம்புவது குளோரின் வாயு.

எல்லாம் பூட்டி ஓடவிட்டபின் டெஸ்டரை மெஷின் உடம்பில் வைத்தார். எரிந்தது. பிளக் பொயின்ட்டைக் கழற்றிப் பார்த்தால் எர்த் கம்பி எதிலும் சேராமல் சுவருக்குள் தொங்கியது. நாற்றத்துக்குத்தான் இவரைக் கூப்பிடுகிறார்கள். ஆளைக் கொல்லக்கூடியது இது.

“ட்ரிப் சுவிட்ச் இருக்கே?” என்றான் வீட்டுப் பையன்.

“எர்த் இல்லாட்டி, ஒரு ஆளு தொட்டு அவரு வழியா கரண்ட் தரைக்கு எறங்கினாத்தான் அது விழும் தம்பி.”

பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி, வயர்மேன் வந்து பார்க்கும்வரை மெஷினைத் தொடக்கூடாது என்றார். ஸ்பின்னரையாவது ஓட்டலாமா என்று அக்கா கேட்டார். அதுவும் கூடாது என்றார் பாஸ்.