ஹஸ்கி என்றோர் அளவு

தகுதி வழக்கு நடத்தும் நாள்களில் நமக்கு எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமிருந்ததில்லை. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். கால் கழுவி வந்தான் என்பது இடக்கரடக்கல். பொன்னைப் பறி என்பது பொற்கொல்லர் குழூஉக்குறி. இம்மூன்றில் எதில் சேர்ப்பது என்று விளங்காத ஒரு சொல் சென்ற கோடை விடுமுறையில் நம்மிடம் வந்து சேர்ந்தது. விளம்பர மொழி பற்றிய ஒரு வகுப்புக்காக, 1950களில் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் அச்சிட்ட கேட்டலாக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். தலையணை கனத்தில் வீடுதோறும் அஞ்சலில் போய்ச் சேர்ந்து, 1993இல் நின்றுபோன விலைப்பட்டியல் புத்தகம் அது. சிறுவர் கால்சட்டைகள் அதில் மூன்று உடல்வாகுகளுக்குக் கிடைத்தன: ஸ்லிம், ரெகுலர், ஹஸ்கி.

குண்டுப் பையன் என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. ஆகவே 'ஹஸ்கி'. கட்டுமஸ்தானவன், வலியவன் என்பது அதன் பொருள். அதே புத்தகத்தில் பருமனான சிறுமியருக்கான அளவின் பெயரோ 'சப்பி'. கொழுகொழு என்றே அதற்குப் பொருள். பையனின் சதைக்கு வீரப்பட்டம், பெண்ணின் சதைக்குச் செல்லக் கேலி! மங்கலமும் ஆண்பாலுக்கு மட்டுமே உரியது போலும்.

நாம் இதில் நின்றுவிட்டதற்குக் காரணம் உண்டு. எட்டாம் வகுப்புச் சீருடைக்கு அளவெடுத்த நாளில், தையற்காரர் நாடாவை நம் இடுப்பில் சுற்றிவிட்டுக் கடைக்கு வெளியே நின்ற நம் தந்தையிடம் உரக்கச் சொன்னார்: "சார், இவனுக்கு இன்னும் கால் மீட்டர் துணி சேத்து வாங்கணும்." வரிசையில் நம் வகுப்புத் தோழர் நால்வர் இருந்தனர். ஆண்டு முடியும்வரை நம் பெயர் 'கால் மீட்டர்'. வீட்டிலேயே அளவெடுத்து, படிவத்தில் ஒரு சொல் எழுதி அனுப்பினால் யார் காதிலும் விழாமல் கால்சட்டை பொட்டலமாக வந்துசேரும் ஓர் ஏற்பாட்டின் அருமை நமக்குத் தெரியும்.

பக்கங்களைப் பார்த்தால், வாங்குபவள் தாய் என்பதை அவை ஒருபோதும் மறக்கவில்லை. துவைத்தால் சுருங்காது, முழங்காலில் இரட்டைத் துணி, இவையெல்லாம் அவளுக்கு. ஜீன்ஸின் அடிப்பகுதி ஒரு கையகலம் மடித்துவிடப்பட்டிருக்கும்; பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடலாம். பையனுக்கென்று இருந்தது கௌபாய்தான். ஹாப்பலாங் காஸிடியின் கருப்பு உடை, ராய் ராஜர்ஸின் சட்டை. 1954 டிசம்பர் 15 அன்று டிஸ்னி தொலைக்காட்சியில் டேவி கிராக்கெட் கதை தொடங்கியதும், வால் தொங்கும் ரக்கூன் தோல் தொப்பிக்கு நாடெங்கும் சிறுவர்கள் அடம்பிடித்தார்கள்.

முந்தைய தலைமுறையில் கால்சட்டையின் நீளமே வயதைச் சொல்லியது. முதலில் அரைக்கால், பிறகு முழங்காலுக்குக் கீழே இறுக்கிக்கட்டும் நிக்கர்ஸ், ஒருநாள், முழுக்கால். பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைப் போல அதற்கும் ஒரு முறைவைப்பு இருந்தது. 1940களில் நிக்கர்ஸ் மறைய, ஐந்து வயதுப் பையனும் தந்தையைப் போல முழுக்காலில் நின்றான். குழந்தைக்குச் சிறிய ஆண் வேடம் என்றே நமக்குப் படுகிறது. ஆனால் பெரிய பையன் ஜீன்ஸ் அணிந்தால் மட்டும் பெரியவர்களுக்கு அச்சம். பள்ளிகள் பல தடுத்தன.

கடையில் கூசியவர்கள் பருத்த பிள்ளைகள் மட்டுமல்லர். நிறவெறிச் சட்டங்கள் நடந்த தெற்கு மாநிலங்களில், வெள்ளையர் அனைவரும் வாங்கி முடிக்கும்வரை கருப்பினத்தவர் காத்து நிற்க வேண்டியிருந்தது. பல கடைகளில் உடையைப் போட்டுப்பார்க்க அவர்களுக்கு அனுமதியில்லை. அஞ்சல் கேட்டலாக் அந்த அவமானத்திலிருந்து அவர்களுக்கு ஒதுங்கிடம் தந்தது என்பதை லூயி ஹைமன் என்னும் வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியிருக்கிறார். படிவத்துக்குத் தோல் நிறம் தெரியாது, இடுப்பளவுதான் தெரியும்.

படங்களுக்குத் தெரிந்திருந்தது. இதை உணர நமக்கே இருநூறு பக்கங்கள் ஆயின என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம். ஸ்லிம், ரெகுலர், ஹஸ்கி என்று எல்லா உடலுக்கும் இடம் ஒதுக்கிய 50களின் அந்தப் பக்கங்களில் நாம் கண்ட முகங்கள் எல்லாம் வெள்ளை முகங்கள். பணம் அனுப்பிய கருப்பினத் தாய், தன் மகனுக்கான சட்டையை இன்னொருத்தியின் மகன் மேல்தான் பார்த்துத் தேர்ந்திருப்பாள்.

அதன் பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வேறொரு படத்தைத் தேடி எடுத்தோம். சியர்ஸின் தலைமையகம் இருந்த அதே சிகாகோவில், டேவி கிராக்கெட் தொடங்கிய பத்தாம் நாள், 1954 கிறிஸ்துமஸின்போது எடுத்தது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, விளிம்புள்ள தொப்பி. கண்ணில் ஒரு குறும்பு. சற்றே பூசினாற்போன்ற உடல்வாகு, ஹஸ்கி அளவாக இருந்திருக்கலாம். எந்த ஆடை விளம்பரத்துக்கும் பொருந்தும் சிறுவன். பெயர் எம்மெட் டில். அடுத்த ஆகஸ்டில், உறவினர் வீட்டுக்குப் போன மிசிசிப்பியில், வெள்ளையர் கடையொன்றில் நடந்ததைச் சாக்கிட்டு அவனைக் கடத்திக் கொன்றார்கள். வயது 14.

சிதைந்த அவன் முகத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்று தாய் மேமி சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். பெட்டியின் மூடியில், உட்புறமாக, நன்றாக உடுத்திய மகனின் கிறிஸ்துமஸ் படங்கள் பொருத்தப்பட்டிருந்தன.