நோட்டின் பின்புறம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் காய்க்கும் முன்பே கடனாகிவிடுகிறது. ஆடி ஆவணியில் முதல் எடுப்புக்கு ஆட்கள் இறங்குவதற்குள், கோடைக்கு நீர் பாய்ச்சுதல், நிழல் மரங்களின் கிளை கழித்தல், உரம், மருந்து, களையெடுப்பு என்று செலவுகள் வரிசையாக வந்து நிற்க, பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் உடும்பன்சோலையிலும் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி, வரப்போகும் காயை உமக்கே தருகிறேன் என்ற வாக்கின்பேரில் போடியிலுள்ள வியாபாரியிடம் முன்பணம் பெறுகிறார். அந்த வியாபாரியோ வங்கிக்குக் கடன்பட்டவர். விவசாயியிடமிருந்து கங்காணி வாங்குகிறார். கங்காணியிடமிருந்து, விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்லும் பெண்கள், மகளின் சடங்குக்கோ மகனின் படிப்புக்கோ அட்வான்ஸ் வாங்குகிறார்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்ட காய் சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியபோது, மேலே ஒருவருக்கு ஏற்பட்ட நஷ்டம் படிப்படியாகக் கீழிறங்கி, கடைசியில் அந்த ஜீப்பிலிருந்த பெண்களின் கூலியில் வந்து விழுந்ததை நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

இந்தச் சங்கிலியின் நடுவில் நிற்கிறவன் ஒரு கையால் கடன் வாங்கி மறு கையால் கடன் கொடுக்கிறான். மத்தேயு சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தில் இயேசுநாதர் சொன்ன உவமையின் ஊழியக்காரனும் இப்படி நடுவில் நின்றவனே. ராஜாவுக்கு அவன் கொடுக்கவேண்டியது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஆறாயிரம் வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆகவே அவன் கடன் ஆறு கோடி நாட்களின் கூலி, ஆண்டுக்கு முந்நூறு நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் ஆண்டுகளில்தான் தீரக்கூடியது. அவனுக்கு உடன் ஊழியக்காரன் கொடுக்கவேண்டியதோ நூறு வெள்ளிப்பணம். இதை அற்பத் தொகை என்று பிரசங்கிகள் தள்ளிவிட்டுப் போவதை என் மனம் ஏற்பதில்லை. நூறு நாள் கூலி என்பது, காய் எடுக்கும் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஒரு பருவத்தின் உழைப்பு. அதை விட்டுக்கொடுப்பவனுக்கு மெய்யாகவே வலிக்கும். அந்த வலியை அறிந்தேதான் நம் ஆண்டவர் அதை மன்னிக்கச் சொன்னார்.

என் பாட்டனாரின் பழைய தகரப் பெட்டியில் புரோநோட்டுக் கட்டு ஒன்று கிடந்தது. முன்புறத்தில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் ஒரு கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும். அதில் புதுமை ஏதுமில்லை. அவற்றின் பின்புறமே என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. ஐந்து ரூபாய் வரவு, பத்து ரூபாய் வரவு என்று, அசலின் அருகே நிற்கவும் தகுதியில்லாத சின்னஞ்சிறு தொகைகள் தேதியோடும் கையெழுத்தோடும் எழுதப்பட்டிருந்தன. இதன் சூட்சுமத்தை ஒரு வக்கீல் பின்னர் எனக்கு விளக்கினார். புரோநோட்டுக்குச் சட்டத்தில் மூன்றாண்டுதான் கெடு. அந்தக் கெடு முடியுமுன் கடனாளி ஏதேனும் ஒரு தொகையைச் செலுத்திப் பின்புறத்தில் கையெழுத்திட்டுவிட்டால், அன்றிலிருந்து மீண்டும் புதிதாக மூன்றாண்டு தொடங்குகிறது. கடனைக் குறைப்பதாக எண்ணி ஏழை கொடுத்த ஐந்து ரூபாய், முழுக் கடனையும் சாகவிடாமல் காத்தது!

விசுவாசத்தினாலே இரட்சிப்பு என்று சிறுவயது முதல் நான் ஆலயத்தில் கேட்டுவந்த உபதேசம், அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த வேளையில்தான் எனக்கு அர்த்தமாயிற்று. விருத்தசேதனத்தினால் தேவனுக்கு முன் நீதியைத் தேடுகிறவன் நியாயப்பிரமாணம் முழுவதற்கும் கடனாளியாகிறான் என்று கலாத்தியருக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதியது இதையே குறித்தல்லவா? நோய் தீர்ந்தால் இத்தனை காணிக்கை, பிள்ளை தேறினால் இத்தனை உபவாசம், பழைய பாவத்துக்கு ஈடாக இத்தனை தர்மம் என்று தவணை கட்டும் பக்தன், தன் கடனை அடைப்பதாக நினைத்துக்கொண்டு நோட்டின் பின்புறத்தில் கையெழுத்திட்டுக் கொண்டேயிருக்கிறான். எங்கள் சபையில் அப்படிப்பட்ட நல்ல ஆத்துமாக்கள் பலர் உண்டு. அவர்களுடைய கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆயினும் அவர்கள் முகத்தில் சமாதானத்தைக் கண்டதில்லை. கொலோசெயருக்கு எழுதிய நிருபமோ, நமக்கு விரோதமாயிருந்த பத்திரமே குலைக்கப்பட்டுச் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது என்கிறது. விசுவாசம் என்பது, கடன் கொடுத்தவரே சொன்ன அந்த வார்த்தையை நம்பித் தவணை கட்டுவதை நிறுத்துவது.

ஆனால் கிழிக்கப்பட்ட நோட்டின் தொகை எங்கே போகிறது? 1938-ஆம் ஆண்டில் ராஜாஜியின் மந்திரிசபை சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்து, 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன் பட்ட கடன்களுக்கு 1937 அக்டோபர் முதல் தேதி வரை நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் தீர்ந்ததென்றும், அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததென்றும் விதித்தது. எத்தனையோ குடும்பங்கள் அதனால் மூச்சு விட்டன. ஆயினும் அந்த வட்டி காற்றில் கரைந்துவிடவில்லை. கொடுத்தவன் தலையில் அது இறங்கிற்று. தள்ளுபடி எதுவாயினும் ஒருவன் அதைச் சுமந்தே ஆகவேண்டும். சட்டம் வலியச் சுமத்திய அந்த நஷ்டத்தைச் சிலுவையிலே கடன் கொடுத்தவரே தாமாக முன்வந்து சுமந்தார் என்பதைத்தான் சுவிசேஷம் என்கிறோம். இதை மறந்து கிருபையை இலவசம் என்று மட்டும் பேசுவது, யாருடைய தோள் அதைச் சுமந்தது என்று கேளாத நன்றிகேடாகும்.

பிறனுக்கு ஜாமீன் நில்லாதே என்று சாலொமோனின் நீதிமொழிகள் ஒருமுறைக்குப் பலமுறை எச்சரிக்கின்றன. லௌகிகத்தில் அது முற்றிலும் விவேகமான புத்திமதியே. அதே வேதம் எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் இயேசுவை மேலான உடன்படிக்கையின் பிணையாளி என்று அழைக்கிறது. பவுலும், ஓடிப்போன அடிமை ஒநேசிமுவுக்காக, அவன் பட்ட கடனை என் கணக்கில் வையும் என்று பிலேமோனுக்குத் தன் கையால் எழுதிக்கொடுக்கிறான். இந்தப் பிணையின் சாயலிலேயே, ஜெர்மனியில் 1864-இல் ஹெட்டெஸ்டார்ஃப் என்னும் ஊரில் கிறிஸ்தவக் கடமையுணர்ச்சியினால் ஏவப்பட்டுக் கடன் சங்கம் அமைத்த ரைபைசன், உறுப்பினர் ஒவ்வொருவரும் மற்றவர் கடனுக்குத் தம் சொத்து முழுவதையும் பொறுப்பாக்கும் முறையை வகுத்தார். அவரைக் கண்டுபிடியுங்கள் என்பதே சென்னை அரசுக்கு பிரெடெரிக் நிக்கல்சன் 1890-களில் எழுதிய அறிக்கையின் சாரம். அந்த வழியில் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இன்று நம்மூர்ச் சங்கங்களில் நகையை அடகு வைக்கும் எவரும் அந்தப் பிணையை நினைப்பதில்லை.

கிருபையைப் பேசினால் வாங்கினவன் திருப்பிக் கொடுக்கமாட்டான் என்று வியாபாரிகள் சிலர் அஞ்சுவார்கள். சகேயுவின் வரலாறு அதற்கு விடை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்புவேன் என்று அவன் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு முன்பே ஆண்டவர் அவன் பெயரைச் சொல்லி அழைத்து, அவன் வீட்டில் தங்கவும் வந்துவிட்டார். அந்த முறை மாறியிருந்தால் அவனும் தவணைக்காரனாகவே இருந்திருப்பான்.

கடன் கொடுப்பவனுக்கு மோசேயின் பிரமாணம் விதித்த ஒரு கட்டளையை நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. அடகு வாங்க அவன் கடனாளியின் வீட்டுக்குள் நுழையலாகாது, வெளியே நிற்கவேண்டும், கடனாளியே எடுத்துவந்து கொடுப்பான். வாரத் தவணைக்காக நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்து, பெண்பிள்ளைகள் தலைகுனிய அதட்டும் வசூல்காரர்களை இந்த மலையடிவாரத்துத் தெருக்களில் பார்க்கும்போதெல்லாம், தேவன் அந்த ஏழையின் வாசற்படிக்கு எத்தனை மரியாதை கொடுத்தார் என்று நெஞ்சு உருகுகிறது.

அறுப்பின் பண்டிகையில் எங்கள் தோட்டக்காரர்கள் பூசணியும் வாழைத்தாரும் முதல்தரப் பச்சை ஏலக்காயும் கொண்டுவந்து படைக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் போகின்றன. அதே தோட்டக்காரரின் சிட்டையில் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே நூறு நாள் கூலியளவு கடன் பாக்கி நிற்கிறதென்றால், பண்டிகைக்கு முந்தின வாரமே அவள் வீட்டுக்குப் போய், வாசலுக்கு வெளியே நின்று, அவளைக் கூப்பிட்டு அந்தக் கடன் நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு, ஆலயத்தில் ஒருவரிடமும் சொல்லாமல் அவர் தம் ஏலக்காயோடு வரட்டும் என்பதே நான் சபையின் முன் வைக்கும் வேண்டுகோள்.