வாசலில் நிற்கும் பழைய வண்டி

ஓசூர், சூளகிரி, இராயக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் முன்னாளில் மாட்டு வண்டி நின்ற இடத்தில் இன்று பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டி நிற்கிறது. நிலம் வைத்திருப்பவர் வீட்டிலும் நிற்கிறது. நிலத்தை விற்றுவிட்டவர் வீட்டிலும் நிற்கிறது. சிப்காட்டில் உழைத்து ஓய்வு பெற்றவர் வீட்டிலும் நிற்கிறது. தக்காளிக் காலத்தில் தக்காளி, மாங்காய்க் காலத்தில் கூழ் ஆலைகளுக்குச் செல்லும் பெங்களூரா மாங்காய், மற்ற நாட்களில் ரோஜாவும் முட்டைக்கோசும் தொழிற்சாலைகளின் இரும்புச் சாமான்களும் என, எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு ஒரு புறம் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூருக்கும், மறுபுறம் இறக்கத்தில் கிருஷ்ணகிரிக்கும் அது ஓடுகிறது. அது ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

வாசகர்களே, இவ்வண்டிகளைப் பழுது பார்ப்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாயவித்தை அன்று. 1971-ஆம் ஆண்டில் சிப்காட் நிறுவனம் தோன்றியபின் ஓசூர் தொழில் நகரமாயிற்று. 1980-இல் இங்கே டி.வி.எஸ். மொபெட் உருவாயிற்று, அதே ஆண்டில் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலையும் தொடங்கிற்று. 2011-இல் ‘தோஸ்த்’ என்னும் சிறு சரக்கு வண்டியே ஓசூரிலிருந்து புறப்பட்டது. உருளையைக் கடைந்து மைக்ரோமீட்டரில் அளந்து பழகியவர் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அடியேனும் வாகன உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவன்தான். ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, ஒருவர் ஓட்டிப் பழகிய பிக்கப் ஒன்றை இளைய மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். அதற்கு இப்போது வயது பன்னிரண்டைக் கடந்துவிட்டது.

“பழசைக் கட்டிக்கொண்டு ஏன் மாரடிக்கிறீர்கள்? தவணையில் புதிது எடுத்துவிடலாமே!” என்று சொல்லாத உறவினர் இல்லை. சொல்பவர்கள் தவணை கட்டப் போவதில்லை. தக்காளி விலை விழுந்து விவசாயி காயைச் சாலையோரம் கொட்டும் வாரத்தில் வண்டிக்கும் வாடகை இல்லை. ஆனால் தவணைக்கு வாரமுண்டா, விலை வீழ்ச்சியுண்டா? எனவே பழைய வண்டியைப் பேணுவது என்று குடும்பமாக அமர்ந்து பேசியே முடிவு செய்தோம். வண்டியை வயது கொல்வதில்லை, பாரமும் அசட்டையுமே கொல்கின்றன என்பது என் துணிபு. ஒன்றேகால் டன்னுக்கு எழுதப்பட்ட வண்டியில் இரண்டு டன் ஏற்றினால் பட்டை ஒடியும், பேரிங் காயும், பிரேக் சூடேறும். பிறகு கம்பெனியைக் குறை சொல்லிப் பயன் என்ன?

வீட்டில் நாங்களே செய்யும் வேலைகள் பல. ஏர் பில்டரைத் தட்டித் தூசி போக்குவது, டீசல் பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திச் சேர்ந்த தண்ணீரை வடிப்பது, இன்ஜின் ஆயில் மாற்றுவது, யு.ஜே. கிராசுக்கும் பட்டைக் கண்ணிகளுக்கும் கிரீஸ் அடிப்பது, பாட்டரி முனைகளில் பூக்கும் வெள்ளையைச் சுடுநீர் ஊற்றிக் கழுவுவது ஆகியவற்றுக்கு ஒரு சனிக்கிழமை மாலை போதும். டீசல் பில்டரை மாற்றினால் குழாயில் காற்று அடைத்துக்கொண்டு வண்டி கிளம்பாமல் அடம் பிடிக்கும். எங்கள் வண்டியில் பில்டர் தலையிலுள்ள கைப்பம்பை அமுக்கி, திருகு வழியே நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுமையற்றவர்கள் ஸ்டார்ட்டரை உருட்டி உருட்டிப் பாட்டரியைத் தீர்த்துவிட்டுத் தெருவாரைத் தள்ளக் கூப்பிடுவார்கள். வடித்த பழைய ஆயிலைக் கன்னுக்குட்டிக் கொட்டகைக் கம்பங்களுக்குப் பூச வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மண்ணில் மட்டும் ஊற்ற விடுவதில்லை, ஏனெனில் எங்கள் கிணறு வண்டி நிற்கும் இடத்திலிருந்து இருபது அடியில் இருக்கிறது.

இவையெல்லாம் தவறினால் வண்டி நிற்கும், அவ்வளவே. தவறினால் வண்டி நிற்காமற் போகும் வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியோ ஏறத்தாழ 500 மீட்டர். இடையிலுள்ள தொலைவு சுமார் 50 கிலோமீட்டர். காரில் போகிறவருக்குத் தெரியாத இவ்விறக்கம், சூளகிரியைத் தாண்டியதும் பாரவண்டி ஓட்டுகிறவரின் காலுக்குத் தெரியும். இந்த இறக்கத்தில் டீசல் மிச்சப்படுத்துவதற்காகக் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு உருண்டு வருவது ஓட்டுநர்கள் பலரின் வழக்கம். என் மகனும் அப்படித்தான் செய்து வந்தான். தருமபுரி–சேலம் சாலையில் தொப்பூர்க் கணவாயில் ஆண்டாண்டாக நிகழும் விபத்துகளைப் பற்றிச் சொன்னேன். “நான் என்ன லாரியா ஓட்டுகிறேன், அப்பா?” என்றான்.

பயமுறுத்தினால் கேட்காத பிள்ளை, கணக்குச் சொன்னால் கேட்கும். ஒரு நாள் இரவு சாப்பிட்டபின் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். வண்டி கியரில் இருக்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுகின்றன. வேகம் தேவைக்கு மேல் இருப்பதால் பழைய டீசல் பம்பிலுள்ள கவர்னர் டீசல் வழியை அடைத்துவிடுகிறது. புதிய வண்டிகளில் அதே வேலையைக் கணினி செய்கிறது. அதாவது அப்போது ஒரு சொட்டு டீசல்கூடச் செலவாவதில்லை. நியூட்ரலில் தள்ளினாலோ, இன்ஜின் தன்னைத்தானே உயிருடன் வைத்துக்கொள்ளத் தொடர்ந்து டீசல் குடிக்க வேண்டியிருக்கிறது. மிச்சம் என்று நினைத்துச் செய்வது உண்மையில் செலவு! சரி, சாவியையே அணைத்துவிட்டு உருளலாமே என்றால், அது இன்னும் கேடு. பிரேக் மிதியை மெதுவாக்கித் தருவது வாக்குவம் என்னும் வெற்றிட விசை. எங்கள் வண்டியைப் போன்ற பல பழைய டீசல் வண்டிகளில் அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் சிறு பம்பு ஆல்டர்னேட்டரின் முதுகில் பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். சேமிப்பிலுள்ள வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன்பின் மிதி கல்லாகிவிடும்.

மகன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “அப்படியானால் ஓடும்போது பாட்டரி விளக்கு எரிந்தால்?” என்று கேட்டான். பெல்ட் அறுந்திருக்கலாம், பிரேக்கும் கடினமாகப் போகிறது என்று பொருள் என்றேன். அன்றிரவே டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தான். அதன் உட்புறம் வெடித்திருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாகப் புதியது மாட்டினோம். அந்த வாரமே ஒன்று வாங்கி இருக்கைக்கடியிலும் வைத்துக்கொண்டான்.

பிரேக்கில் ஓடும் எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை புதியதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியசு வரை கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறிய பின்போ அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. மிதி தரைவரை போகும், சக்கரம் நிற்காது. ஆகவே கறுத்துப்போன எண்ணெயை ‘இன்னும் ஓடட்டும்’ என்று விட்டுவைக்கலாகாது. இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் மாற்ற வேண்டும். மூடி திறந்து பல மாதமாகிய டின்னில் மிச்சமிருப்பதை ஊற்றுவதும் கூடாது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை, வாசல் கூட்டிக்கொண்டிருந்த என் மனைவி, “ஏங்க, பின் சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறது, மழை இரண்டு நாளாக இல்லையே?” என்று அழைத்தாள். தொட்டு மோந்து பார்த்தேன், பிரேக் எண்ணெய். வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்து கசிந்திருந்தது. மகன் மறுநாள் விடியற்காலை இராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிச் சேலம் போவதாக வாடகை பேசி முன்பணமும் வாங்கியிருந்தான். சேலம் என்றால் வழியில் தொப்பூர். “எண்ணெயை நிரப்பிக்கொண்டு போய் வந்துவிடுகிறேனே, அப்பா, வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்றான். நான் வாய் திறப்பதற்குள் அவன் தாய் சாவியை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். முன்பணம் அன்று மாலையே திரும்பிப் போயிற்று. அந்த வியாபாரி ஒரு மாதம் எங்களைக் கூப்பிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வேலையை வீட்டிலேயே செய்தோம். இங்கே இளைஞர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தியே ஆக வேண்டும். அப்போது வண்டியைப் பிடித்திருப்பது முன் சக்கரங்களுக்கு இருபுறமும் வைத்த அடைக்கட்டை மட்டுமே. ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியது அன்று. தூக்கியபின் அச்சுக்கடியில் இரும்புத் தாங்கியோ, கனத்த மரக்கட்டைகளோ வைத்துப் பாரத்தை அதில் இறக்காமல் யாரும் தலையை உள்ளே நுழைக்கலாகாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதற்கு உதவா. விரிசல் விடாமல் ஒரே நொடியில் பொடியாகிவிடும். பேரக் குழந்தைகளை அன்று பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். லைனர் தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம்; பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும், அது நுரையீரலுக்கு நஞ்சு. ரப்பர் உறுப்புகளை டீசலிலோ ஆயிலிலோ கழுவினால் அவை ஊறிப் பெருத்துக் கெட்டுவிடும்; புதிய பிரேக் எண்ணெயிலேயே கழுவ வேண்டும்.

வீல் சிலிண்டரை மட்டும் புதிதாகவே வாங்கினோம். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கழற்றி விற்கும் சாமான்கள் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடி, கதவு, பம்பர் என்றால் நானே போய் வாங்குவேன். பிரேக்கில் பழையது வாங்க மாட்டேன். பெட்டி பார்த்து, அச்சுப் பார்த்து, ரசீதுடன் வாங்குவேன். அதில் சிக்கனம் பார்ப்பவரோடு எனக்குப் பேச்சே இல்லை.

கடைசி வேலை குழாயிலிருந்து ஏர் எடுப்பது. இதற்கு இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வண்டியில் அது இடது பின் சக்கரம். மகன் சக்கரத்தருகே ஸ்பேனருடன் படுத்தான். நான் எண்ணெய் டப்பாவைக் காலியாகாமல் பார்த்துக்கொண்டேன். மிதியை அமுக்கும் பொறுப்பு அவன் தாய்க்கு. வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. “அமுக்கு... அமுக்கு... பிடித்துக்கொள், அம்மா!” என்பான் அவன். நிப்பிள் திறக்கும், மிதி தாழும், நுரையோடு எண்ணெய் கண்ணாடிக் குப்பிக்குள் சீறும். நிப்பிளை மூடியபிறகுதான் மிதியை விடலாம். முன்னதாக விட்டால் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். அவள் ஒரு முறைகூட முந்தவில்லை. பத்துப் பன்னிரண்டு தடவைக்குப்பின், “இப்போது கால் இறங்க மாட்டேன் என்கிறது, தம்பி, கல்லில் மிதிப்பது போல் இருக்கிறது” என்றாள். அதுதான் வேண்டிய பதம். நான்கு சக்கரமும் முடிய மாலை ஆறு மணியாயிற்று. பின்னர் வண்டியை வெறுமையாக எடுத்துப் போய்ச் சந்தடியற்ற சாலையில் நடை வேகத்தில் மூன்று தடவை நிறுத்திப் பார்த்தான். ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நின்றது. அதன்பிறகே சாவி தலைப்பிலிருந்து அவன் கைக்கு நிரந்தரமாக வந்தது.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. டீசல் பம்பைக் கழற்றி அளவு வைப்பது, ஸ்டியரிங் பெட்டியைத் திறப்பது, மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவது ஆகியவற்றைப் பட்டறைக்கே கொடுக்கிறோம். எங்கள் மெக்கானிக் தமிழில் விலை சொல்லி, தெலுங்கில் பையனை அதட்டி, கன்னடத்தில் போனில் சாமான் கேட்பார். எல்லைப்புற ஊரின் இலக்கணம் அது. நாங்கள் செய்த வேலையைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். பலர் அதற்குப் பெயிண்ட் அடித்து, ஒளிரும் பட்டை ஒட்டி, விளக்குகளைச் சரி செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். இவ்வாண்டு எங்கள் முறை அடுத்த மாதம் வருகிறது. முன் வலது டிரம்மில் மேடுபள்ளம் விழுந்திருக்கிறது. கடைசல் பட்டறையில் கொடுத்துச் சீவ வேண்டும், அளவு மீறித் தேய்ந்திருந்தால் புதிதே மாற்ற வேண்டும். அதை நான் அளந்து சொல்வதாக மகனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மீண்டும் ஏர் எடுக்க வேண்டிவந்தால் எந்தச் சனிக்கிழமை என்று முன்கூட்டியே சொல்லிவிடும்படி என் மனைவி கேட்டிருக்கிறாள்.