மதுவும் மனமும்

மது ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று நம் அறநூல்கள் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளன. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின், அஃது உடலின் சுரப்பிகளையும் உளநலத்தையும் எவ்வாறு மாற்றுகின்றது என்பதை நாம் போதிய அளவு சிந்தித்தோமில்லை. அதனால் விளையும் கேட்டிற்கு ஹந்தானை மலைச்சாரலில் ஒரு குடும்பம் பட்ட துன்பம் சான்றாகும்.

பேராதனை வளாகத்திற்கு மேலே உயர்ந்து நிற்கும் அம்மலையின் லயமொன்றில் வாழ்ந்த தொழிலாளி ஒருவர் இருபது ஆண்டுகளாக மாலைதோறும் சாராயம் அருந்தி வந்தார். அவருக்கு அஃது உடம்பு வலிக்கு மருந்து. மாரியம்மன் திருவிழாவிற்குக் காப்புக் கட்டிய அன்று, இனித் தொடுவதில்லை எனச் சத்தியம் செய்தார். மனைவி மகிழ்ந்தாள். மறுநாள் கை நடுங்கியது. இரவு உறக்கம் வரவில்லை. மூன்றாம் நாள், சுவரெங்கும் பூச்சிகள் ஊர்வதாகக் கூவினார்; இறந்துபோன தாயோடு பேசினார். முனி பிடித்ததென்று கோடாங்கியை அழைத்தனர். விடுமுறையில் வந்திருந்த பல்கலைக்கழக மாணவனான மகனே, தந்தையின் காய்ச்சலையும் வியர்வையையும் கண்டு அஞ்சி, அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றான். வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "கடைசியாக எப்போது குடித்தார்?" என்பதே.

அக்கேள்வியின் பொருள் ஆழமானது. மது மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கின்றது. நாள்தோறும் தணிக்கப்படும் மூளை, அதற்கு ஈடாகத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கின்றது. மது திடீரென நீங்கியதும் அக்கிளர்ச்சி மட்டும் எஞ்சுகின்றது. நடுக்கம், வலிப்பு, சன்னி ஆகியன அதன் விளைவுகள். உரிய சிகிச்சையின்றேல் உயிரும் போகலாம். நீண்டகாலக் குடியினால் விற்றமின் பி1 குறைந்தோர்க்கு அதனையும் ஊசி வழி கொடுத்தல் வேண்டும். தவறின் நினைவாற்றல் நிலையாகக் கெடக்கூடும்.

ஓமோன்களின் கதையும் இத்தகையதே. நீரை உடலில் நிறுத்தும் ஓமோனை மது அடக்குவதால் சிறுநீர் பெருகி உடல் வறள்கின்றது. வெறும் வயிற்றில் அருந்துவோர்க்கு ஈரல் குளுக்கோசு ஆக்குவது தடைப்பட்டுக் குருதிச் சீனி தாழலாம். மனநெருக்கடியில் சுரக்கும் கோட்டிசோல், மிகுகுடியிலும் உயர்கின்றது. குடியை விடும் நாட்களிலும் உயர்கின்றது. ஆண்களில் தெஸ்தெஸ்தரோன் குன்றுகின்றது. முன்னிரவில் உறக்கத்தைத் தரும் மது, பின்னிரவில் அதனைக் குலைக்கின்றது. களைப்புக்கும் கவலைக்கும் மருந்தென உட்கொள்ளப்படுவது மறுநாட் களைப்பையும் கவலையையும் தானே விளைவிக்கின்றது. மீண்டும் மாலையில் அதனையே நாடச் செய்கின்றது.

இம்மருந்து மலைநாட்டில் தற்செயலாய்ப் பரவியதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் சாராயக் குத்தகை அரசின் பெருவருவாய்களுள் ஒன்றாயிருந்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் எழுந்தபோதிலும், தவறணைகள் மறையவில்லை. கடின உழைப்பும் குளிரும் நெருக்கமான லயமும் ஒருபுறம். எளிதிற் கிட்டும் போத்தல் மறுபுறம். இவற்றினிடையே நின்றவனை மனவுறுதியற்றவன் என்று மட்டும் பழித்தல் முறையாகாது.

அம்மகனும் தந்தையை அவ்வாறே பழித்து வந்தவன். சன்னி தெளிந்தபின்னும் தந்தையின் முகத்தில் துயரம் அகலவில்லை. குடியால் வந்த மனச்சோர்வு பலருக்குச் சில வாரங்களில் தணியும், தணியாதாயின் அது தனி நோயாகக் கொண்டு சிகிச்சை பெற வேண்டியது என வைத்தியர் விளக்கினார். "சாமிக்குச் சத்தியம் செஞ்சது பிழையா, ஐயா?" என்று மனைவி கேட்டாள். சத்தியம் பிழையன்று, அதனை வைத்தியரிடமும் சொல்லியிருக்க வேண்டும் என்பதே அவர் தந்த மறுமொழி.

ஆடி, பங்குனித் திருவிழாக்கள்தோறும் இத்தகைய சத்தியங்கள் செய்யப்படுகின்றன. தோட்டங்களிலிருந்து இவ்வளாகத்திற்கு வந்து பயிலும் மாணவர் ஊர் மீளும்போது, அம்மூன்றாம் நாளைப் பற்றித் தம் வீட்டாரிடம் முன்னரே சொல்லி வைப்பாராயின், அவர்தம் கல்வி ஓர் உயிரையேனும் காக்கும்.