எழுதாத வருடங்கள்

ஊரில் ஒரு நூல் வெளியீடு நடந்தால் எல்லோருக்கும் சந்தோசம். பொன்னாடை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, முகநூல் நிறையப் படங்கள். மூன்றாம் நாள் அதே எழுத்தாளரைச் சந்தியில் கண்டால் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "அடுத்தது எப்ப சேர்?"

ஒரு புத்தகத்துக்கும் அடுத்த புத்தகத்துக்கும் இடையில் அந்த மனிதர் எப்படி வாழ்கிறார் என்று யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. "இப்ப எழுதுறல்ல, சும்மாதான் இருக்கார்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். அந்தச் "சும்மா"வுக்குள் என்ன இருக்கிறது என்று விளங்க, எகிப்து நாவலாசிரியர் நஜீப் மஹ்பூழின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1988இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அரபு மொழியில் எழுதி அந்தப் பரிசைப் பெற்ற முதலாமவர். ஆனால் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அவர் நெருக்கமானவராகத் தெரிவது வேறொரு காரணத்தால். அவர் ஓர் அரச உத்தியோகத்தர். 1934இல் தத்துவத்தில் பட்டம் பெற்றவர், 1971இல் ஓய்வு பெறும் வரை கந்தோருக்குப் போய் வந்தார். பல வருடங்கள் வக்ஃபு அமைச்சில் வேலை. மீதி நேரத்தில்தான் நாவல்.

அவருடைய பெரிய படைப்பு கெய்ரோ முத்தொகுதி. ஒரு வியாபாரியின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்குப் பின்தொடரும், ஆயிரம் பக்கம் தாண்டிய கதை. 1952இல் அதை எழுதி முடித்தார். பதிப்பாளரோ அதன் பருமனைப் பார்த்துத் தயங்கினார். அந்த வருடம் ஜூலையில் இராணுவ அதிகாரிகளின் புரட்சி நடந்தது. மன்னராட்சி போனது. எந்தப் பழைய சமூகத்தை விமர்சித்து இன்னும் பல நாவல்கள் எழுதலாம் என்று திட்டம் வைத்திருந்தாரோ, அந்தச் சமூகமே போய்விட்டதாக அவருக்குப் பட்டது. எழுதும் ஆசை விட்டுப்போயிற்று. தனது எழுத்து வாழ்க்கை முடிந்துவிட்டதென்றே அப்போது எண்ணியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவருடைய அடுத்த நாவல் அல்-அஹ்ராம் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது 1959 செப்டம்பரில். இடையில் ஏழு வருடங்கள்.

அந்த ஏழு வருடங்களில் அவர் என்ன செய்தார்? காலையில் கந்தோருக்குப் போனார். நேரம் தவறாமைக்குப் பேர்போன மனிதர். 1954இல், நாற்பது வயது கடந்த பிறகு, கல்யாணம் முடித்தார். பின்னர் இரண்டு பெண் பிள்ளைகள். இயக்குநர் ஸலாஹ் அபூ ஸைஃபுடன் சேர்ந்து சினிமாவுக்குத் திரைக்கதை எழுதினார். 1953இல் வந்த "ரய்யா வ ஸகீனா" அப்படி வந்த படம்தான். கிழமையில் ஒருநாள் கோப்பிக்கடையில் எழுத்தாளர்களோடு கூடியிருப்பார். "ஹராஃபீஷ்" என்று தங்களை அழைத்துக்கொண்ட பழைய கூட்டாளிகளோடு வியாழன் இரவுப் பேச்சும் பகிடியும் இருந்தன. நடப்பதில் அவருக்கு விருப்பம் அதிகம். கெய்ரோவின் தெருக்களை நடந்தே அறிந்தவர்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முத்தொகுதி அச்சாகி வெளிவந்தது 1956, 1957இல். அரச பரிசு கிடைத்ததும் 1957இல். வாசகர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்திருந்த அந்தக் காலத்தில், அவர் அந்த நாவலின் கடைசி வரியை எழுதி நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. நமது கைக்குப் புத்தகம் வரும்போது எழுதியவர் எங்கேயோ போய்விட்டிருப்பார். வெளியீட்டு விழாவில் நாம் காண்பது அறுவடையை. வயல் அப்போது வெறுமையாகக் கிடக்கலாம்.

திரும்பி வந்தவரும் பழைய ஆளில்லை. ஒரு வீட்டின் கதவு ஜன்னல் வரை விவரித்து எழுதியவர், உருவகக் கதைக்குப் போனார். 1959 நாவல் பெரும் சர்ச்சையானது, மார்க்க அறிஞர்களின் எதிர்ப்பையும் சந்தித்தது. அது தனியாகப் பேச வேண்டிய விடயம். 1961இல் வந்த "திருடனும் நாய்களும்" சிறிய நாவல். காட்சிகள் சட்டென்று மாறும், வசனம் சுருக்கமாக இருக்கும். சினிமாவுக்கு எழுதிய வருடங்களின் தடம் அதில் தெரிவதாகவே எங்களுக்குப் படுகிறது. ஆக, "சும்மா" இருந்த காலத்துக் கூலி வேலையும் வீண்போகவில்லை.

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம்.

இலங்கையில் தமிழில் எழுதுபவர்களில் பலர் ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர்கள். பெரும்பாலும் சொந்தக் காசில்தான் புத்தகம் போடுகிறார்கள். எங்களோடு படிப்பிக்கும் ஒருவரின் நாவல் வெளிவந்து நான்கு வருடம். மனைவியின் நகையை அடகு வைத்து அடித்த புத்தகம். விழாவில் போன பிரதிகள் போக, மீதிக் கட்டுகள் இன்னும் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. நகை மீண்டது போன வருடம்தான். இந்த நான்கு வருடத்தில் அவர் பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தினார், வாப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தார், பின்னேரங்களில் கடற்கரையில் தனியே நடந்தார். இப்போது அவர் இலக்கியக் கூட்டங்களுக்கு வருவதில்லை. ஏனென்று கேட்டோம். "எல்லாரும் அடுத்தது எப்ப எண்டுதான் கேக்குறாங்க. வந்த புத்தகத்தை வாசிச்சதா ஒராளும் சொல்லல்ல" என்றார்.

மஹ்பூழுக்கு வராத எழுத்து ஏழு வருடத்தில் வந்தது. எல்லோருக்கும் அப்படி வரும் என்று நாம் சொல்ல மாட்டோம். சிலருக்கு ஒரே புத்தகத்தோடு முடிந்துவிடும். அதிலும் குறையில்லை. ஆனால் அந்த இடைக்காலத்தில் ஒருவரைத் தாங்கிப் பிடிப்பவை சின்னச் சின்ன விடயங்கள்தான்: தவறாமல் போக ஒரு வேலை, நடக்க ஒரு தெரு, எழுத்தைப் பற்றி விசாரிக்காமல் பகிடி விட நாலு கூட்டாளிகள். வேலையையும் தெருவையும் நாம் கொடுக்க முடியாது. கூட்டாளியாக இருக்கலாம். வாசகராகவும் இருக்கலாம்.

இந்தத் தவணை லீவில் ஒரு வேலை செய்வோம். வெளியீட்டு விழாவில் வாங்கி, பொலித்தீன் உறை கூடப் பிரிக்காமல் அலுமாரியில் வைத்த உள்ளூர்ப் புத்தகம் ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதை எடுத்து வாசிப்போம். எழுதியவரைச் சந்தியில் கண்டால், பிடித்த ஓர் இடத்தையோ பிடிக்காத ஓர் இடத்தையோ சொல்லி, ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுப்போம். அடுத்த புத்தகத்தைப் பற்றி அவராகப் பேசினால் கேட்டுக்கொள்வோம்.