நிழலில் காய்ந்த துளசி

பெங்களூரில் ஆடி மாதம் வெயிலை நம்பி ஒரு வடகம்கூடப் பிழிய இயலாது, நண்பர்களே! எனக்கோ துளசி காய்ந்தாக வேண்டியிருந்தது. தருமபுரிப் பக்கம் எங்கள் கொல்லைத் துளசி கோடையில் கருகிவிட்டது. பாட்டியின் இருமலோ நிற்கவில்லை. 'நிழலில் காய வை' என்பது அவர் கட்டளை. அதில் இரசாயனம் உண்டு: துளசிக்கு மணம் தரும் யூஜினால் போன்ற எண்ணெய்கள் சூட்டில் பறந்துவிடும்.

பழைய எண்ணெய்த் தகரம், கணிப்பொறியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறி, மூன்று கொசுவலைத் தட்டுகள். இலையை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விசிறி விரட்டும். ஆனால், மழைநாளில் உள்ளே வரும் காற்றே ஈரமாயிற்றே! அடியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டினேன். காற்று 10 பாகை செல்சியசு சூடேறினால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இலையோ வெதுவெதுப்போடு தப்பிவிடும்.

இரண்டாம் நாள் மாலை இலைகள் விரலிடையில் நொறுங்கின. பொடி தருமபுரிப் பேருந்தில் ஏறிவிட்டது. இப்போது அறை நண்பர் கறிவேப்பிலைக் கட்டோடு நிற்கிறார்.